சமூகக் கையேட்டைப் பலர் கூடி எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டற்ற மென்பொருள் பயன்படுத்தும் எந்தத் தமிழ்க் குழுவில் சேர்ந்தாலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்: “லினக்ஸ் இயங்குதளத்தில் தமிழில் தட்டச்சு செய்வது எப்படி?” யாராவது ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்வார். கேட்டவருக்கு வேலை முடிந்துவிடும். சில நாட்களில் அந்தப் பதில் மற்ற செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். அடுத்த மாதம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார். முன்பு பதில் சொன்னவருக்கு அப்போது நேரம் இருக்காது. குழுவில் இருக்கும் அறிவு, தேவைப்படும் நேரத்தில் யாருக்கும் கிடைக்காமல் போகிறது.

இதற்குத் தீர்வு ஒரு கையேடு என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எப்படி எழுதுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. விஷயம் நன்றாகத் தெரிந்த ஒருவர் தனியாக உட்கார்ந்து முழுவதையும் எழுதி, சரிபார்த்து, பிறகு வெளியிடலாம். அல்லது பாதி எழுதியதையே பொதுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிடலாம். நான் இரண்டாவது வழியின் பக்கம் நிற்கிறேன். பலர் சேர்ந்தால் வேலை குறையும் என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. வேலை பெரும்பாலும் கூடத்தான் செய்யும். ஆனால் ஒரு கையேட்டில் எது விடுபட்டிருக்கிறது என்பது அதை எழுதியவருடைய கண்ணுக்குத் தெரியாது. அதைப் பின்பற்றிப் பார்த்து, நடுவில் சிக்கிக்கொண்டவருக்கே தெரியும். அவர் தான் சிக்கிய இடத்தை அங்கேயே எழுதிவைக்க வழி இருந்தால் அடுத்தவர் சிக்கமாட்டார்.

இதற்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் நுபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கப்பட்டது. துறை அறிஞர்கள் கட்டுரைகளை எழுதுவார்கள். ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்டிய பிறகே வெளியாகும். முதல் ஆண்டில் அங்கே முடிந்த கட்டுரைகள் வெறும் 21. அதே அமைப்பு, அதற்குத் துணையாக இருக்கட்டும் என்று 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியாவைத் தொடங்கியது. முதல் மாதத்தில் 200 கட்டுரைகளும் முதல் ஆண்டில் ஏறத்தாழ 18,000 கட்டுரைகளும் அங்கே சேர்ந்தன. 2003இல் நுபீடியா மூடப்பட்டது. நுபீடியாவுக்கு எழுதியவர்களின் திறமையில் குறையில்லை. சரிபார்ப்பை வெளியீட்டுக்கு முன்னால் வைத்தார்கள். விக்கிப்பீடியா அதை வெளியீட்டுக்குப் பின்னால் தள்ளியது. பெரிய வேறுபாடு அதுதான்.

இனி வேலைக்கு வருவோம். லினக்ஸில் தமிழ்த் தட்டச்சு என்ற கையேட்டையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்

“லினக்ஸ் முழுக் கையேடு” என்று தொடங்குகிற முயற்சிகள் பெரும்பாலும் உள்ளடக்கப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. நாற்பது தலைப்புகளை வரிசையாக எழுதிப் பார்க்க உற்சாகமாக இருக்கும். ஆனால் அவற்றில் எதையும் திறந்து படிக்க ஒன்றும் இருக்காது. வருகிறவர் வெற்றுப் பக்கங்களைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவார்.

குழுவில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வியை எடுங்கள். அதைக் கேட்பவர் யார் என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: “உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நேற்றுதான் நிறுவியவர், கட்டளை முனையத்தைத் திறந்து பழக்கமில்லாதவர், தமிழில் கடிதம் எழுத வேண்டும்.” இந்த ஒரு வரி பின்னால் எழும் பல வாக்குவாதங்களைத் தடுக்கும். ஒருவர் விசைப்பலகைகளின் வரலாற்றை நடுவில் நுழைக்க விரும்புவார். அந்த வரியைக் காட்டி, அதற்கு வேறு பக்கம் தொடங்கலாம் என்று சொல்லிவிடலாம்.

கற்றுக்கொடுக்கும் பாடம், ஒரு வேலையை முடிக்கும் வழிமுறை, தேடிப் பார்க்கும் தகவல் பட்டியல், காரண காரியங்களை விளக்கும் கட்டுரை ஆகிய நான்கும் வெவ்வேறானவை. ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்று டேனியெல் புரோசிடா என்ற ஆவண வல்லுநர் வகுத்திருக்கிறார். பலர் சேர்ந்து எழுதும்போது இந்தப் பகுப்பு மிகவும் பயன்படும். யாருடைய பங்களிப்பையும் தள்ளிவிட வேண்டியதில்லை, அதற்குரிய பக்கத்துக்கு அனுப்பிவைத்தால் போதும்.

இரண்டாம் படி: வாசற்படி தாழ்வான இடத்தில் வையுங்கள்

ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? கையேட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய இந்தக் கேள்வியே போதும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் பெரும்பாலானவர்கள் திருத்தாமல் நகர்ந்துவிடுவார்கள்.

பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்கள் பல ஆண்டுகள் லேடெக் வடிவத்தில் இருந்தன. அச்சுக்கு அது அருமையான கருவி. ஆனால் ஒரு பத்தியைத் திருத்த விரும்பும் சாதாரணப் பயனருக்கு அது ஒரு சுவர். கியோர்க் பிராண்டல், ஸ்பிங்க்ஸ் என்ற கருவியை உருவாக்கி, படிக்க எளிதான ஓர் உரைவடிவத்துக்கு அந்த ஆவணங்களை மாற்ற வழிசெய்தார். 2008இல் வெளியான பைத்தான் 2.6 அந்தப் புதிய வடிவத்தில் ஆவணங்களோடு வந்தது. இன்று பைத்தானுக்கு வெளியேயும் எண்ணற்ற திட்டங்கள் ஸ்பிங்க்ஸைப் பயன்படுத்துகின்றன.

உங்களுக்கு முன்னால் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று விக்கி. வார்டு கன்னிங்காம் 1995இல் தொடங்கிய முறை இது. உலாவியிலேயே ‘தொகு’ என்பதை அழுத்தி மாற்றிச் சேமித்தால் உடனே வெளியாகிவிடும். இன்னொன்று கிட்ஹப், கிட்லேப் போன்ற களஞ்சியங்கள். அங்கே திருத்தம் ஒரு முன்மொழிவாக வரும். ஒருவர் பார்த்து ஏற்ற பிறகே வெளியாகும். பயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா நடத்திவந்த, வலை உருவாக்குநர்கள் எல்லோரும் நாடும் எம்டிஎன் ஆவணத்தளம் 2005இலிருந்து விக்கியாக இருந்து, 2020 டிசம்பரில் கிட்ஹப்புக்கு மாறியது. அதன் வாசகர்கள் நிரலாளர்கள். மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் அவர்களுடைய அன்றாடக் கருவி. அவர்களுக்கு அது பொருந்தியது.

ஆனால் உங்கள் கையேட்டைத் திருத்தப்போவது பள்ளி ஆசிரியரும் அச்சகத்தில் வேலை செய்பவரும் என்றால் கிட்ஹப் வேண்டாம். விக்கியே போதும். நிரல் தெரிந்த நண்பர்கள் “எல்லாவற்றையும் கிட்டில் வைப்போம்” என்று ஆர்வமாகச் சொல்வார்கள்; அன்போடு மறுத்துவிடுங்கள். பகிர்வு ஆவணங்கள் முதல் வரைவுக்கு ஏற்றவை, நெடுங்காலத்துக்கு அல்ல. ஒருவருடைய தனிக் கணக்கில் இருக்கும் ஆவணம் அந்தக் கணக்கோடு சேர்ந்து போய்விடக்கூடும்.

எந்த இடமானாலும் மூன்று வசதிகள் இருக்கிறதா என்று பாருங்கள்: ஒவ்வொரு மாற்றத்தின் வரலாறு, பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தான், ஒவ்வொரு பக்கத்தையும் பற்றிப் பேச ஓர் இடம். இவை மூன்றும் இருந்தால் யாராவது கெடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் பெருமளவு தேவையற்றது. கெடுக்க ஒரு நிமிடம் ஆகும் என்றால் திருப்ப ஒரு நொடிதான் ஆகும்.

மூன்றாம் படி: முதல் வரி எழுதும் முன் உரிமம்

உரையை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை முடிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பலர் எழுதிய உரையில் ஒவ்வொருவரும் எழுதிய பகுதிக்குப் பதிப்புரிமை அவரவருக்கே உரியது. முப்பது பேர் எழுதிய பிறகு உரிமத்தை முடிவு செய்ய நினைத்தால் முப்பது பேரையும் தேடிப் பிடித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அவர்களில் சிலருடைய மின்னஞ்சல் அதற்குள் செயலிழந்திருக்கும்.

விக்கிப்பீடியாவே இதில் கஷ்டப்பட்டது. தொடக்கத்தில் அது குனூ கட்டற்ற ஆவண உரிமத்தில் இருந்தது; படைப்புகளைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் அப்போது வெளிவந்திருக்கவில்லை. பிறகு கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாற விரும்பியபோது இலட்சக்கணக்கான பங்களிப்பாளர்களிடம் தனித்தனியாகக் கேட்க வழியில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 நவம்பரில் குனூ உரிமத்தின் புதிய பதிப்பில் அதற்கென்றே ஒரு விதியைச் சேர்த்துக் கொடுத்தது, சமூகம் வாக்களித்தது, 2009இல்தான் மாற்றம் நடந்தது. உங்கள் குழுவுக்காக யாரும் அப்படி உரிமத்தைத் திருத்தித் தரமாட்டார்கள்.

என் பரிந்துரை: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிர்தல் என்ற வகை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். மேம்படுத்தியதை வெளியிட்டால் அதையும் திறந்தே வைக்க வேண்டும். “வணிகப் பயன்பாடு கூடாது” என்ற நிபந்தனையைச் சேர்க்கப் பலருக்கு ஆசை வரும். நம் உழைப்பில் யாரோ பணம் பார்ப்பார்களே என்ற ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்த நிபந்தனை இருந்தால் அந்த உரையை விக்கிப்பீடியாவில் சேர்க்க முடியாது. கட்டணம் வாங்கும் சிறு பயிற்சி மையம் அச்சிட்டு மாணவர்களுக்குக் கொடுக்கத் தயங்கும். கையேடு பரவ வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் அந்த நிபந்தனை குறுக்கே நிற்கும்.

திரைப்பிடிப்புகளுக்கும் இதே உரிமம் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். திருத்தும் பக்கத்திலேயே “சேமித்தால் இந்த உரிமத்தை ஏற்கிறீர்கள்” என்ற அறிவிப்பு இருக்கட்டும்.

நான்காம் படி: அரைகுறையாகவே வெளியிடுங்கள்

பலருக்கு இதுதான் மனம் ஒப்பாத இடம். பிழையோடு வெளியிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கம் இருக்கும். ஆனால் முழுதாக முடிந்ததுபோல் தோன்றும் பக்கத்தில் வாசகர் கைவைக்கமாட்டார். குறையுள்ள பக்கமே அவரைத் திருத்த அழைக்கும்.

நம் எடுத்துக்காட்டைப் பாருங்கள். முதல் வரைவு இவ்வளவுதான்:

“ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பை நிறுவுங்கள். அமைப்புகளில் ‘வட்டாரமும் மொழியும்’ பகுதிக்குப் போய், உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99 விசைப்பலகையைச் சேருங்கள். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளுங்கள்.”

எழுதியவருக்கு இது முழுமையானது. அவருடைய கணினியில் அப்படியே வேலை செய்கிறது. இதைப் பொதுவில் வைத்ததும் என்னென்ன வரும் என்று பார்ப்போம்.

ஒருவர் எழுதுவார்: “நிறுவிவிட்டேன், பட்டியலில் தமிழ்99 வரவில்லை.” காரணம் எளியது. தொகுப்பை நிறுவிய பிறகு ஒருமுறை கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். எழுதியவர் எப்போதோ நிறுவியவர். அந்தக் கட்டம் அவர் நினைவிலேயே இல்லை.

இன்னொருவர்: “நீங்கள் சொல்லும் பகுதியில் உள்ளீட்டு மூலங்கள் என்று எதுவுமே இல்லையே?” அவருடையது உபுண்டு 22.04. எழுதியவருடையது 20.04. இடைப்பட்ட காலத்தில் அந்த அமைப்பு ‘விசைப்பலகை’ என்ற பகுதிக்கு இடம்மாறிவிட்டது. இரண்டு பதிப்பையும் வைத்துச் சோதிக்கத் தனி ஒருவருக்கு வசதி இருக்காது. குழுவில் இரண்டும் இருக்கும்.

மூன்றாமவர் தட்டச்சு நிலையத்தில் முறையாகப் பயின்றவர்: “எனக்குப் பழைய தட்டச்சுப்பொறி முறைதான் விரல்களில் இருக்கிறது. இனி தமிழ்99 கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா?” வேண்டியதில்லை, அதே தொகுப்பில் தட்டச்சுப்பொறி முறையும் இருக்கிறது. ஆனால் கையேட்டில் அந்தச் செய்தி இல்லை. எழுதியவர் தனக்குப் பிடித்ததை மட்டுமே எழுதியிருந்தார்.

நான்காவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. “எல்லாம் எழுத முடிகிறது. ‘பப்பாளி’ மட்டும் எழுத வரவில்லை. சொல்லின் தொடக்கத்திலேயே புள்ளி விழுந்துவிடுகிறது.” 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் ஓர் அழகான வசதி உண்டு. ஒரே மெய்யை அடுத்தடுத்து அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். ஆனால் ‘பப்பாளி’யில் முதல் பகரம் புள்ளி இல்லாமல் நிற்க வேண்டும். அதற்கு முதல் ப-வை அழுத்தியதும் ஒரு ‘அ’ அழுத்த வேண்டும்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. பல ஆண்டுகள் பழகியவருடைய விரல் இதைத் தானாகச் செய்துவிடும். அவர் இதை ஒரு விதியாக நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. புதிதாக வந்தவர் கேட்டால்தான் இது எழுத்தில் ஏறும்.

மூன்று வாக்கியங்களாக இருந்த வரைவு இப்போது பதிப்பு வேறுபாடு, மாற்று விசைப்பலகை, புள்ளி விதி எல்லாம் கொண்ட ஒரு பக்கமாகிவிட்டது. இதில் எழுதியவர் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்தது எதுவும் இல்லை. அவர் செய்த பெரிய காரியம், கதவைத் திறந்து வைத்ததுதான்.

நடைமுறைக்கு ஒரு குறிப்பு. வரைவின் மேலேயே இரண்டு செய்திகளை எழுதிவையுங்கள்: எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது, எந்தப் பகுதி இன்னும் எழுதப்படவில்லை. “பெடோரா என்ற லினக்ஸ் வகையில் யாரும் சோதிக்கவில்லை, சோதித்தவர் எழுதுங்கள்” என்ற ஒரு வரி, பொதுவான நூறு அழைப்புகளைவிட அதிகம் பயன் தரும்.

ஐந்தாம் படி: கேள்வி கேட்டவரைத் திருத்துபவராக மாற்றுங்கள்

கிட்ஹப் 2017இல் நடத்திய திறமூல ஆய்வில் பங்கேற்றவர்களில் 93 விழுக்காட்டினர், முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணங்களைப் பரவலான சிக்கலாகக் குறிப்பிட்டார்கள். அதே ஆய்வில் பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் ஆவணப் பணியில் அரிதாகவோ ஒருபோதுமோ ஈடுபடுவதில்லை என்றும் தெரிந்தது. குறை எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் அதைச் சரிசெய்யும் உரிமை தனக்கு உண்டு என்று பெரும்பாலானவர்கள் உணர்வதில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே குழுவில் ஒருவர் ‘பப்பாளி’ கேள்வியைக் கேட்டதும் பதில் சொல்லி முடித்துவிடாதீர்கள். பதிலைச் சொல்லிவிட்டு, “இதைக் கையேட்டில் நீங்களே சேர்த்துவிடுகிறீர்களா? மூன்றாம் பத்திக்குக் கீழே இரண்டு வரி போதும். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கேளுங்கள். எந்தப் பக்கம், எந்த இடம், எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்வது முக்கியம். “நீங்களும் பங்களிக்கலாமே” என்ற பொதுவான அழைப்புக்கு யாரும் அசைவதில்லை.

செய்ய வேண்டிய சிறு வேலைகளின் பட்டியல் ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். பத்து நிமிடத்தில் முடியக்கூடியவை மட்டும் அதில் இருக்கட்டும்: இந்தத் திரைப்பிடிப்பு பழையது, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும், இந்தப் பத்தியில் உள்ள வழிமுறையைப் புதிய பதிப்பில் செய்து பார்க்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் இவற்றைத் தொடக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே ஐந்து நிமிடத்தில் முடித்துவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் புதியவர் ஒருவர் உள்ளே நுழைய இருந்த வாசல் அதோடு அடைபட்டுவிடும்.

முதல் திருத்தம் செய்தவருக்கு ஓரிரு நாட்களுக்குள் பதில் போக வேண்டும். இதை நான் மிக அழுத்தமாகச் சொல்கிறேன். தன் திருத்தத்தை யாராவது பார்த்தார்களா என்று அவர் காத்திருப்பார். ஒரு வாரம் ஒன்றும் வராவிட்டால் அவர் திரும்பி வரமாட்டார்.

தவறான திருத்தம் வந்தால் என்ன செய்வது? “கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையவும்” என்ற வரியை ஒருவர் “கணினியை மறுதொடக்கம் செய்யவும்” என்று மாற்றிவிட்டார் என்று வையுங்கள். சத்தமில்லாமல் பழையபடி திருப்பிவிடுவது எளிது, அதைச் செய்யாதீர்கள். பேச்சுப் பக்கத்தில் இப்படி எழுதலாம்: “திருத்தத்துக்கு நன்றி. மறுதொடக்கம் செய்தாலும் வேலை செய்யும் என்பது சரிதான். ஆனால் திறந்திருக்கும் வேலைகளை எல்லாம் மூட வேண்டியிருக்கும் என்பதால் வெளியேறி நுழைவதை முதலில் வைத்திருக்கிறோம். ‘அதன் பிறகும் வராவிட்டால் மறுதொடக்கம் செய்து பாருங்கள்’ என்று உங்கள் வரியை அடுத்ததாகச் சேர்த்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.” காரணம் சொல்லியாயிற்று, அவருடைய பங்கும் நிலைத்துவிட்டது. அவர் அந்த மாற்றத்தைச் செய்ததற்கு அவர் கணினியில் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும் என்ற எண்ணத்தோடு பேசத் தொடங்கினால் பெரும்பாலும் புதிதாக ஏதாவது தெரியவரும்.

ஆறாம் படி: எழுதியவரே சரிபார்க்கக் கூடாது

திறந்துவிட்டால் தரம் கெட்டுவிடும் என்பவர்களுக்குத் தமிழ் விக்கிமூலத்தைக் காட்டுவேன். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் உட்பட ஏராளமான பழைய தமிழ் நூல்கள் அங்கே பக்கம் பக்கமாக எழுத்தாக்கம் செய்யப்படுகின்றன. ஒரு பக்கத்தின் படம் ஒருபுறம், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி தந்த உரை மறுபுறம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியதும் மஞ்சள். இன்னொருவர் மறுபடியும் பார்த்து உறுதிசெய்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாதபடி மென்பொருளே தடுத்துவிடும். சிக்கலான பக்கத்துக்கும் வெற்றுப் பக்கத்துக்கும் தனி நிறங்கள் உண்டு.

இதில் என்னைக் கவர்வது, மூன்று நிலைகளும் வாசகருக்குத் தெரியும் என்பது. சிவப்பிலிருக்கும் பக்கத்தையும் படிக்கலாம்; ஆனால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே படிப்பீர்கள். உங்கள் கையேட்டுக்கும் இதே முறையைக் கொண்டுவரலாம். பக்கத்தின் தலையில் ஒரு வரி போதும்: வரைவு, ஒருவர் செய்து பார்த்தது, இன்னொருவர் வேறொரு கணினியில் செய்து பார்த்தது. ‘படித்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது’ என்பதைச் சரிபார்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருப்பதை மட்டும் செய்து, கடைசிவரை போய்ச்சேர முடிந்ததா என்பதே கேள்வி.

ஏழாம் படி: கருத்து வேறுபாடுகளுக்கு ஓர் இடம்

சொல் தேர்வில்தான் முதல் சண்டை வரும். தமிழில் எழுதுபவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கலைச்சொற்களும் பெயர்களை எழுதும் முறையும் ஊருக்கு ஊர் மாறும். ஒரு பக்கத்துக்குள் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும், முதலில் எழுதியவருடைய வழக்கைக் காரணமின்றி மாற்றக் கூடாது, மற்ற வழக்குச் சொல்லில் தேடினாலும் பக்கம் கிடைக்கும்படி வழிமாற்று வைக்க வேண்டும் என்ற மூன்று விதிகள் பெரும்பாலான சண்டைகளைத் தீர்த்துவிடும்.

மற்றவற்றுக்குப் பொதுவான ஓர் உரையாடல் பக்கம் வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் அதற்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே எடுத்த முடிவும் அதற்கு வந்த மறுப்பும் அப்படியே கிடக்கும். தனி அரட்டையில் நான்கு பேர் பேசி முடிவெடுத்துவிட்டு வந்து கையேட்டை மாற்றினால், அந்த நால்வரைத் தவிர மற்றவர்கள் அந்நியராகிவிடுகிறார்கள். தொலைபேசியில் பேசினாலும் தவறில்லை. பேசியதன் சாரத்தைப் பொதுப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்பதில்லை. கடவுச்சொற்கள், பங்களிப்பாளர்களின் தொலைபேசி எண்கள், இன்னும் அடைக்கப்படாத பாதுகாப்பு ஓட்டைகள் பற்றிய விவரங்கள் பொதுவில் வரக் கூடாது. திரைப்பிடிப்பில் யாருடைய மின்னஞ்சலும் கோப்புப் பெயர்களும் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இதில்தான் அடிக்கடி நழுவுகிறது.

எட்டாம் படி: பெயர்

பங்களித்தவர்களின் பெயரைப் பக்கத்தின் கீழே போடுங்கள். அவர்கள் விரும்பும் பெயரை, அவர்கள் ஒப்புதலோடு போடுங்கள். ஒரு திரைப்பிடிப்பு எடுத்துக் கொடுத்தவரையும், கேள்வி கேட்டு ஓட்டையைக் காட்டியவரையும் சேருங்கள். உரிமமும் பெயர் குறிப்பிடச் சொல்கிறது, அது இருக்கட்டும். ஒரு கல்லூரி மாணவிக்குத் தன் பெயர் இருக்கும் பக்கத்தை வேலைக்கான நேர்காணலில் காட்ட முடிவது பெரிய விஷயம்.

ஒன்பதாம் படி: பராமரிப்பும் கைமாற்றமும்

வெளியிட்ட நாளிலிருந்தே கையேடு பழையதாகத் தொடங்கும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. அந்த மாதத்தை நாட்காட்டியில் குறித்துவைத்து, குழுவாக ஒரு மாலை உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் புதிய பதிப்பில் செய்து பாருங்கள். பக்கத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் ஓரிரு மணி நேர வேலை. பழைய வழிமுறையை அழித்துவிடாதீர்கள். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு அது தேவை. பதிப்பு எண்ணோடு கீழே நகர்த்திவையுங்கள்.

திறந்த முறையின் உண்மையான வலிமை, நடத்துபவருக்கு இயலாமல் போகும்போது தெரியும். 2020 ஆகஸ்டில் மொசில்லா நிறுவனம் ஏறத்தாழ 250 பேரைப் பணிநீக்கம் செய்தது. எம்டிஎன் ஆவணங்களை எழுதிவந்தவர்களும் அதில் பாதிக்கப்பட்டார்கள். உலகெங்கும் வலை உருவாக்குநர்கள் நம்பியிருந்த ஆவணம் என்ன ஆகுமோ என்ற கவலை பரவியது. ஆனால் உள்ளடக்கம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தது. மற்ற உலாவி நிறுவனங்களும் தன்னார்வலர்களும் ஏற்கெனவே அதில் பங்காளிகளாக இருந்தார்கள். டிசம்பரில் முழு உள்ளடக்கமும் பொதுக் களஞ்சியத்துக்கு வந்தது. 2021 ஜனவரியில் ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு தொடங்கப்பட்டு, ஆவண எழுத்தாளர்களுக்கு ஊதியம் தர நிதி திரட்டியது. பணி தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. அதே ஆவணம் ஒரு நிறுவனத்தின் பூட்டிய வழங்கியில், மூடிய உரிமத்தோடு இருந்திருந்தால் வெளியிலிருந்து யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

உங்கள் குழு சிறியது. ஆனால் ஆபத்து அதேதான். ஒருவருக்கு வேலை மாறும், குழந்தை பிறக்கும், உடல்நலம் குன்றும். ஆகவே நிர்வாக உரிமை குறைந்தது மூவரிடம் இருக்கட்டும். மூவரும் ஒரே அலுவலகத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இணைய முகவரியைப் புதுப்பிக்கும் தேதியும் எந்தக் கணக்கிலிருந்து பணம் போகிறது என்பதும் மூவருக்கும் தெரிய வேண்டும். முழு உள்ளடக்கத்தையும் மாற்ற வரலாற்றோடு சேர்த்து யாரும் பதிவிறக்கிக்கொள்ள ஒரு கோப்பை மாதந்தோறும் வெளியிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, நிர்வாகிகள் அல்லாத ஒருவர் அந்தக் கோப்பை எடுத்துத் தன் கணினியில் கையேட்டை முழுவதுமாக மீண்டும் எழுப்ப முடிகிறதா என்று செய்து பார்க்கட்டும். அவர் எங்கே சிக்கினார் என்பதையும் கையேட்டிலேயே ஒரு பக்கமாக எழுதிவைக்கச் சொல்லுங்கள்.